கார்ட்டிசால் நார்மல்

"அக்கா, ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒண்ணு இருக்குதாமே, எவ்ளோ ஆவும்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் கொஞ்ச காலமாகக் கூடிவிட்டார்கள். முன்பெல்லாம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்றால் டிரெட்மில்லில் நடக்கவிட்டு நெஞ்சைப் பார்ப்பது. அது எங்கள் லேபில் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடுவோம். இப்போது கேட்பது கார்ட்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனை அளக்கிற ரத்தப் பரிசோதனை. முகம் உப்பினால் கார்ட்டிசால், தொப்பை போட்டால் கார்ட்டிசால், தூக்கம் வராவிட்டால் கார்ட்டிசால் என்று ரீல்ஸில் யாரோ பேசிப் பேசி, வட சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை வரைக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. டெஸ்ட் எடுப்பார்கள், நார்மல் என்று வரும், அதை ஸ்டேட்டஸில் போடுவார்கள். என்னை அரித்துக்கொண்டிருப்பது இன்னொரு கூட்டம். பிள்ளை பெற்று ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆன பெண்களை வீட்டு ஆட்களே கூட்டிக்கொண்டு வந்து, "இவளுக்கு அந்த டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. டிப்ளமா முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பவள். இந்த டெஸ்டைப் பற்றி எனக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கின்றன. புதிதாகப் பிள்ளை பெற்றவளுக்கு ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்து கார்ட்டிசால் பார்ப்பது காசுக்குப் பிடித்த கேடு, யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது ஒன்று. இப்படி ஒரு டெஸ்ட் நிஜமாகவே இருந்து தொலைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது மற்றொன்று. முதலாவது என் வேலை சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணால் வந்தது.

எட்டு மணி ரத்தம்

புருஷன், பெண்டாட்டி, மாமியார், கைப்பிள்ளை என்று நாலு பேர் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். முதல் பிரசவம், ஆபரேஷன். (தமிழ்நாட்டில் இது அதிசயமில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன்.) பிள்ளைக்கு ஒன்றரை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகள் யாரோடும் பேசுவதில்லை, பிள்ளை தூங்குகிற நேரத்திலும் அவள் தூங்குவதில்லை, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்பது மாமியாரின் புகார். மசூதி வாசலில் நிறுத்தி ஓதியாகிவிட்டது, தாயத்தும் கட்டியாகிவிட்டது. புருஷன் மணலி பக்கம் டிரெய்லர் ஓட்டுகிறவன். செல்போனில் பார்த்துவிட்டு அவன்தான் இந்த டெஸ்டைக் கேட்டான். அவன் மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்டாட்டி அழுகிறாள் என்பதற்காக ஒருநாள் லோடை விட்டுவிட்டு லேபுக்கு வருகிற ஆண்கள் குறைவு.

கார்ட்டிசாலுக்குக் காலை எட்டு மணி ரத்தம் வேண்டும். அது சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிற ஹார்மோன். எழுந்து முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு நாள் முழுக்க இறங்கிக்கொண்டே வந்து, நடுராத்திரி வாக்கில் அடிமட்டத்துக்குப் போகும். ரிப்போர்ட்டில் நாங்கள் அச்சடிக்கும் 5 முதல் 25 மைக்ரோகிராம் என்கிற அளவு, ராத்திரி முழுக்கத் தூங்கிக் காலையில் எழுந்த ஒரு ஆளின் எட்டு மணிக்கானது. இவர்கள் ஏழரைக்கே கிளம்பியும் கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கூட்ஸ், அதற்குப் பின்னால் ஒரு லோக்கல், மறுபடி ஒரு கூட்ஸ். நான் கையில் ரப்பர் கட்டும்போது மணி ஒன்பதரை. அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அப்போதுதான் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ராத்திரி எத்தனை தடவை எழுந்தாள் என்று கேட்டதற்கு, எத்தனை தடவை படுத்தேன் என்று கேளுங்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

பால் கொடுத்ததை நான் குறித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1995இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். பால் கொடுக்கும் தாய்மாரையும் கொடுக்காத பெண்களையும் டிரெட்மில்லில் ஓடவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே அளவு ஓட்டம்தான், ஆனால் பால் கொடுக்கிறவர்களின் உடம்பில் கார்ட்டிசாலும் அதைத் தூண்டிவிடும் ஹார்மோனும் குறைவாகவே ஏறின. பால் கொடுக்கும் உடம்பு பதற்றத்துக்குக் கொஞ்சம் மந்தமாகத்தான் பதில் சொல்லும். பிள்ளைக்காக இயற்கை செய்த ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மறுபக்கம் என்னவென்றால், தாய் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தாலும் ரத்தத்தில் அது தெரியாமல் போகலாம். இப்படி நேரம் தப்பி, தூக்கம் கெட்டு, பால் கொடுத்த கையோடு எடுத்த ஒரு ட்யூப் ரத்தத்தை வைத்து இவள் மனம் இப்படி என்று சொல்வது, காசிமேட்டுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் நின்றுகொண்டு இன்றைக்கு மீன் வரத்தே இல்லை என்று எழுதுவது போலத்தான்.

எங்கள் ரத்தம் எடுக்கும் இடம் ஒரு திரைச்சீலை போட்ட மூலை. அங்கே கூட வருகிறவர்கள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். பெரும்பாலும் ஊசியைப் பார்க்கப் பயம். மாமியார் பிள்ளையோடு வெளியே, புருஷன் பில் போட்டுக்கொண்டு வெளியே. சிவப்பு மூடி ட்யூப் கார்ட்டிசாலுக்கு, ஊதா மூடி ட்யூப் ரத்த அணுக்களுக்கு. பேக்கேஜில் இரண்டும் சேர்ந்து வந்தது. ஊசி இறங்கும்போது அவள் முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கு அவள் பேசவும் இல்லை.

நஞ்சு விழுந்த பிறகு

பிள்ளை பெற்ற உடம்பில் இந்த ஹார்மோன் படுகிற பாடு, எங்கள் ரிப்போர்ட்டில் அச்சாகும் அந்த 5–25க்குள் அடங்குகிற விஷயமே இல்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ரத்தத்தில் கார்ட்டிசால் சாதாரண நாளைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ஒரு காரணம், கார்ட்டிசாலைத் தூக்கிச் சுமக்கிற ஒரு புரதத்தைக் கல்லீரல் அப்போது அதிகமாகத் தயாரிப்பதுதான். ரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசாலில் தொண்ணூறு சதவீதத்துக்குப் பக்கம் அந்தப் புரதத்திலும் வேறு புரதங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் இருக்கிற கொஞ்சம்தான் வேலை செய்யும். எங்கள் மெஷின் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுக்கும். பிரசவத்துக்குப் பிறகு அந்தப் புரதம் பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் எண் எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இன்னொரு காரணம்தான் எனக்கு ஆச்சரியமானது. சாதாரணமாக மூளையில் ஹைப்போதலாமஸ் ஒரு உத்தரவு ஹார்மோனை அனுப்பும், பிட்யூட்டரி அதைக் கேட்டு அட்ரினலைத் தட்டும், கார்ட்டிசால் ஏறும். ஏறியதும் மூளை போதும் என்று நிறுத்திக்கொள்ளும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியே அந்த உத்தரவு ஹார்மோனைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கார்ட்டிசால் ஏற ஏற அது இன்னும் அனுப்பும். மாதக்கணக்கில் இப்படி ஓடிவிட்டு, பிரசவ அறையில் பிள்ளைக்குப் பின்னால் நஞ்சும் விழுந்துவிட்டதும், அத்தனை நாள் கிடைத்துக்கொண்டிருந்த உத்தரவு சட்டென்று நின்றுபோகிறது. மூளையின் சொந்த ஏற்பாடோ அதுவரை வேலையில்லாமல் கிடந்தது, உடனே எழுந்து வராது. 1996இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், பிரசவமான பெண்களுக்கு மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது வாரங்களில் அந்த உத்தரவு ஹார்மோனை ஊசி மூலம் கொடுத்து, பிட்யூட்டரி எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்தார்கள். மூன்றாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் பதில் மந்தம், பன்னிரண்டாவது வாரத்தில் சரியாகிவிட்டது. மனச்சோர்வு கண்ட பெண்களிடம் அந்த மந்தம் இன்னும் அதிகமாக இருந்தது, பன்னிரண்டு வாரத்திலும் தெளியவில்லை.

இதைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. நாமெல்லாம் ஸ்ட்ரெஸ் என்றால் கார்ட்டிசால் ஏறும் என்று நினைத்துக்கொண்டு உயர்வைத் தேடுகிறோம். இங்கே துன்பத்தின் அடையாளம், ஏற வேண்டியது ஏறாமல் கிடப்பது. அப்படியானால் "நார்மல்", ஏன் "லோ" என்று வந்தாலும்கூட அது நிம்மதியான செய்தி இல்லை. "பச்ச உடம்பு, மூணு மாசம் ஜாக்கிரத" என்று எங்கள் ஆயா சொல்லிக்கொண்டிருந்தது குளிர் தண்ணீரையும் புளியையும் பற்றித்தான். உள்ளே நடப்பதற்கும் அந்தக் கணக்கு கிட்டத்தட்டப் பொருந்திப்போவது தற்செயலாகவே இருக்கட்டும்.

"கொஞ்சம் கூட வராதாக்கா?"

ரிப்போர்ட் புருஷன் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. இருந்தாலும் டாக்டரிடம் காட்டப் பேப்பர் வேண்டும் என்று மறுபடி எல்லோரும் வந்தார்கள். கார்ட்டிசால் 13.8. அளவுக்கு நட்ட நடுவில். மாமியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னாம்மா போட்டுகிறாங்க இதுல?" என்று என்னைக் கேட்டார். இந்த டெஸ்டில் இவ்வளவுதான் தெரியும், பிள்ளை பெற்ற உடம்புக்கு இது சரியான அளவுகோல் கிடையாது, டாக்டரைப் பார்த்துப் பேசுங்கள் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் புருஷனே, "நார்மல்னு கீதும்மா" என்று படித்துவிட்டான். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. "அதான் சொன்னேன். ஒண்ணும் இல்ல. நாங்கல்லாம் நாலு பெத்தோம், மூணாம் நாளே தண்ணி லாரிக்குக் குடம் தூக்கினு ஓடினோம்." அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. உண்மையிலேயே அவருக்கு நிம்மதியாகிவிட்டது. மருமகளுக்கு வியாதி இல்லை. வியாதி இல்லையென்றால் மீதியெல்லாம் சேட்டை, பிடிவாதம், செல்லம். அப்படித்தானே கணக்கு வரும்?

அந்தப் பெண், பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பாத்ரூமுக்குப் போகவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "யக்கா, வேற எதுனா டெஸ்ட் இருக்குதா? இதுல கொஞ்சம் கூட வராதாக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. எங்களிடம் ரிப்போர்ட்டை மாற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. துபாய் போக மெடிக்கல், ஹெவி லைசென்ஸ், கல்யாணப் பேச்சு என்று ஆயிரம் காரணத்தோடு வந்து சர்க்கரையைக் குறைத்துப் போடு, ஹீமோகுளோபினை ஏற்றிப் போடு என்பார்கள். எல்லோருக்கும் வேண்டியது நார்மல். தன் உடம்பில் ஏதாவது கோளாறு இருப்பதாக ஒரு காகிதம் வேண்டும் என்று கெஞ்சிய முதல் ஆள் இவள். "இருக்குதுன்னு எழுதி வந்தா நம்புவாங்கக்கா. நான் சொன்னா நம்பமாட்டேன்றாங்க. எனக்கே இப்ப சந்தேகமா கீது, நெசமாவே நடிக்கிறனா இன்னான்னு." கடைசி வாக்கியத்தை அவள் என்னிடம் சொன்ன மாதிரியே தெரியவில்லை.

அங்கே அவளுக்கும் எனக்கும் கிடைத்தது சில நிமிடம்தான். பில்லின் பின்பக்கம் 14416 என்று எழுதிக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் உதவி எண் அது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநல ஓ.பி. இருப்பதையும் சொன்னேன். அவள் பேப்பரை வாங்கவில்லை, எண்ணை மட்டும் செல்போனில் ஏற்றிக்கொண்டாள். என்ன பெயர் போடலாம் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, "கேஸ் புக்கிங்" என்று அடித்தாள். வெளியே பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது.

வேற எதுனா டெஸ்ட்

அவள் கேட்டது என்னோடேயே தங்கிவிட்டது. ரிப்போர்ட் போட வேண்டிய நேரத்திலெல்லாம் அவளுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரு எண் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிகளில் எச்சிலை அதிகம் பயன்படுத்துகிறார்கள். எச்சிலில் இருப்பது புரதத்தில் ஒட்டாத கார்ட்டிசால் என்பதால் அது ரத்தத்தைவிட நேர்மையான சாட்சி. ஊசி வேண்டாம், வீட்டிலேயே எடுக்கலாம். எழுந்த உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை, முக்கால் மணி கழித்து ஒரு தடவை என்று துப்பி வைத்தால், விழித்ததும் கார்ட்டிசால் எப்படி ஏறுகிறது என்று ஒரு கோடு கிடைக்கும். அதற்கு முன்னால் பல் தேய்க்கக் கூடாது, டீ குடிக்கக் கூடாது. எல்லாம் சரி, எந்த விழிப்பு? பதினொன்றரைக்கு ஒரு விழிப்பு, ஒன்றேகாலுக்கு ஒரு விழிப்பு, மூன்று மணிக்கு ஈரத்துணி மாற்ற, நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும் என்று. இந்த டெஸ்டைக் கண்டுபிடித்தவர்கள் ராத்திரி என்றால் ஒரு தூக்கம், காலை என்றால் ஒரு விழிப்பு என்று வைத்துக்கொண்டுதான் கோடு போட்டிருக்கிறார்கள். பால் குடிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தக் கோட்டுக்கு ஆரம்பப் புள்ளியே கிடைக்காது.

முடி இன்னும் சுவாரஸ்யம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போதே ரத்தத்தில் இருக்கிற கார்ட்டிசால் அதற்குள் போய்த் தங்கிவிடுகிறது. பின்மண்டையில் தோலை ஒட்டி ஒரு சிறு கொத்து வெட்டி, அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டரை ஆராய்ந்தால் கடந்த மூன்று மாதத்துக் கணக்கு மொத்தமாகக் கிடைக்கும். கேட்டில் மாட்டிக்கொண்டதும், பால் கொடுத்ததும், ஒருநாள் சண்டையும் அதைப் பெரிதாக அசைக்காது. இதைப் படித்ததும் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுமே. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் இறங்கியதும் மொத்தமாக ஓய்வுக்குப் போய், சில மாதம் கழித்து விழுவதுதான் அது. அந்த நேரத்தில் வெட்டிய கொத்தில் எது வளர்ந்துகொண்டிருந்த முடி, எது நின்றுபோன முடி என்பதே குழப்பம். போதாததற்கு, ஆறாவது வாரத்தில் எடுத்த மூன்று சென்டிமீட்டரில் பாதி கர்ப்பகாலத்துக் கதை. எங்கள் தெருவில் இருக்கிற எந்த லேபிலும் இதைச் செய்ய மெஷினும் கிடையாது. இது பல நூறு பெண்களை வைத்து ஒரு கேள்விக்கு விடை தேடுகிற ஆராய்ச்சியாளருக்கு உதவும். ஒருத்திக்கு, அவள் மாமியாரிடம் காட்ட, உதவாது.

சி.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6 என்று வீக்கத்தைக் காட்டும் பரிசோதனைகளும் இந்த ஆய்வுகளில் வரும். மனச்சோர்வில் அவை சற்று ஏறியிருப்பது உண்டு. ஆபரேஷன் தையல், பால் கட்டு, லேசான காய்ச்சல் என எது வந்தாலும் அவையும் ஏறும் என்பதால் அங்கே நான் அதிகம் நிற்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, அப்படியானால் உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்று முடித்துவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் புரோஜெஸ்ட்ரோன் விழும்போது அதிலிருந்து உருவாகிற அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளும் கூடவே விழுகிறது. மூளையை அமைதியாக வைத்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அதே பொருளை மருந்தாக்கி, 60 மணி நேரம் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிற பிரெக்ஸனலோனுக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அதன் வழியில் வந்த ஜுரனலோன் என்ற மாத்திரைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது, 14 நாள் சாப்பிட வேண்டும். உடம்பில் நடக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அதை ஒருத்தியின் கையிலிருந்து ஒரு ட்யூப் எடுத்து ஆமாம், இல்லை என்று சொல்லத்தான் இன்னும் வழியில்லை.

சுவரொட்டி

ஒரு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அதே ரிப்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் ஹீமோகுளோபின் 8.4 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் எல் என்ற எழுத்தோடு இருந்தது. கார்ட்டிசாலைப் பார்த்த சந்தோஷத்தில் யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை. நான்தான் காட்டினேன். 12க்கு மேல் இருக்க வேண்டியது என்றேன். மாமியாரின் முகம் மாறியதை இப்போதும் சொல்ல முடியும். "அய்யோ, ரத்தம் இல்லியா? அதாங்காட்டியும் புள்ள வெளுத்துப் போயி கீது!" அரை மணிக்கு முன்னால் சேட்டைக்காரி ஆனவள், இப்போது புள்ளையாகிவிட்டாள். அடுத்த நாளே கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி, மிளகு போட்டு வதக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம். முருங்கைக்கீரை, பேரீச்சை, பால் சுறாப் புட்டு என்று ஒரே கவனிப்பு. பாத்திரம் துலக்குவதிலிருந்தும் தண்ணீர் தூக்குவதிலிருந்தும் விடுதலை. டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைதான் உண்மையில் வேலை செய்திருக்கும், அது வேறு. டாக்டர் தைராய்டும் பார்க்கச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கெட்டுப்போய் அசதியும் அழுகையுமாக வருவது உண்டு என்பதால் அதுவும் நியாயமான டெஸ்ட்தான். அது சரியாக இருந்தது.

இரண்டு எண்களும் ஒரே கையில், ஒரே ஊசியில் எடுத்த ரத்தத்திலிருந்து வந்தவை. ஒன்று அவளைப் பொய்க்காரி ஆக்கியது, இன்னொன்று அவளுக்குச் சுவரொட்டியும் ஓய்வும் வாங்கிக் கொடுத்தது. ரத்தக்குறைவுக்கு வீட்டில் வைத்தியம் தெரியும், என்ன வாங்குவது, எப்படிச் சமைப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்று தெரியும். கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் மாமியார்கள் பிரியமானவர்கள்தான். அழுகைக்கு என்ன சமைப்பது என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் எண்ணைக் குற்றம் சொல்வதா, அதைப் படிக்கிற வீட்டைச் சொல்வதா என்பதில் எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை. வேலூர் பக்கத்துக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பிரசவமான பெண்களில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால் வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதது. இதில் எதை நான் ட்யூபில் பிடிப்பது?

புதன்கிழமை

கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கண்டது. அதற்கென்று ஒரு முறையும் இருக்கிறது. 1987இல் காக்ஸ், ஹோல்டன், சாகோவ்ஸ்கி என்ற மூன்று பேர் எடின்பரோவில் வைத்துத் தயாரித்த பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்பவை. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தவறு நடந்தால் தேவையில்லாமல் உன்னையே திட்டிக்கொள்கிறாயா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. அசதி, பசியின்மை போன்ற உடம்புக் குறிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், எந்தப் புதுத் தாய்க்கும் அவை இருக்கும் என்பதால். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. அதற்கு ஆமாம் என்றால் கூட்டிப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதன் தமிழ் வடிவத்தை வேலூரில் சரிபார்த்து 2005இலேயே வெளியிட்டுவிட்டார்கள். ஐந்து நிமிட வேலை. இதற்கு மெஷின் வேண்டாம், எட்டு மணியும் வேண்டாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, பதில் சொல்லும்போது அவள் தனியாக இருக்க வேண்டும். வாரியக் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. கட்டிலில் மாமனார், கதவண்டை கொழுந்தன், அடுப்பண்டை மாமியார். வீட்டுக்கு வந்து கேட்கிற செவிலியருக்கு, "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பெண் என்னிடம் பேசியதற்கு என் திறமை காரணமில்லை. எங்கள் லேபில் ஒரு திரைச்சீலையும், ஊசிக்குப் பயப்படுகிற உறவுக்காரர்களும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அவள் தனியாகக் கிடைக்கிற இடம் வேறு எங்கே என்று யோசித்தால் எனக்குப் புதன்கிழமை ஞாபகம் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு ஊசி. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று தடவை எப்படியும் வந்தாக வேண்டும். வட சென்னையில் எந்தத் தாயும் அதைத் தவறவிடுவது அபூர்வம். கர்ப்பமாக இருந்தவரை அவளுடைய எடை, பிரஷர், சர்க்கரை, ரத்தம் எல்லாவற்றையும் அட்டையில் எழுதினோம். இப்போது வருகிற புதன்கிழமைகளில் எல்லோரும் பிள்ளையின் எடையைத்தான் பார்க்கிறார்கள். கேள்வி கேட்க அங்கே ஆள் இல்லை, நேரம் இல்லை, கேட்டுவிட்டால் அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை என்று செவிலியர் தோழி ஒருத்தி என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரிசை நகர அரை மணி ஆகிறது. அந்த அரை மணி மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கட்டும். உள்ளே மாத்திரை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, ஒரு திரையை இழுத்துவிட்டு, தாயை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். திரை வாங்கக் காசில்லை என்றால் எங்கள் லேபில் பழையது ஒன்று இருக்கிறது, துவைத்துத் தருகிறேன்.